செத்த சுண்ணாம்பு

– அப்ப நீ உள்ள வா மரியம்மா, சாக்கு வெளிய இருக்கட்டும்.

– சாக்குக்குத்தான் சாயபு உங்ககிட்ட வேலை. நான் அதைத் தூக்கிக்கிட்டு வந்தவ, அவ்ளோதான்.

– காலிச் சாக்கைத் தூக்கிக்கிட்டு ஆம்பூர் கடைவீதி முழுக்க நடந்து வந்திருக்க. கிருபானந்தம் பெஞ்சாதி ஹயாத் பாஷா வீட்டுக்குப் பிச்சைக்குப் போறான்னு பாக்கறவங்க பேசுவாங்க.

– பேசட்டும். சுண்ணாம்புக் காளவாய்ல வேலை செய்யறவ மூஞ்சியில எப்பவும் வெள்ளை அப்பியிருக்கும். வெக்கம் வந்தாலும் வெளிய தெரியாது.

– கேட்டுக்கோ. பேசணும்னா கிருபானந்தம் வரணும். முப்பது வருஷமா எங்க தோல்ஷாப்புத் தொட்டிங்களுக்குச் சுண்ணாம்பு போட்டவன் அவன். பொம்பளையை அனுப்பறது முறையில்ல.

– அவரு அனுப்பல. நான் வந்ததே அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா, 'அந்த வாசப்படியை மிதிக்க நமக்கு மூஞ்சி இருக்கா'ன்னு கேப்பாரு.

– அந்த அளவுக்காவது அவனுக்கு மானம் இருக்குதே.

– மானம் ஜாஸ்தியா இருக்கறதுதான் சாயபு சங்கடமே.

– மரியம்மா, நீ நிக்காதே, அந்தப் பாயில உக்காரு. உங்களைத்தான்ங்க, வந்தவளை உக்காரக்கூடச் சொல்லாம வழக்குப் பேசறீங்களே.

– சுகரா, நீ திரைக்கு அந்தப் பக்கமே இரு. இது தோல்ஷாப்பு விவகாரம்.

– நான் எங்க வெளிய வந்தேன்? என் குரல் வந்துச்சு. குரலுக்குக் கோஷா கிடையாது.

– பீபிம்மா, நீங்க இருக்கறது நல்லதாப் போச்சு. சாயபு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போன மாசம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வெளிய வந்து, பத்துத் தோல்ஷாப்பு முதலாளிங்க நிக்கறப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது இன்னா வார்த்தை?

– ஊரே சொல்லுது. என் வாயால வேற கேக்கணுமா?

– உங்க வாயால கேக்கணும்.

– 'கிருபானந்தம் எனக்குச் செத்த சுண்ணாம்பைக் குடுத்து ஏமாத்திட்டான்.' இதான் சொன்னேன். நானூறு ஆட்டுத்தோல் மரியம்மா. ரெண்டு தொட்டி. பத்து நாள் சுண்ணாம்புல ஊறின தோல் எப்படி இருக்கணும்? உப்பி, வழவழன்னு, விரலால தள்ளினா முடி கழண்டு வரணும். எங்க தொட்டியில அழுகிப்போய் வந்துச்சு. நாத்தத்துல பாலாத்துக் காக்காகூட எறங்கல. எங்க பாட்டனார் காலத்துலேர்ந்து இந்த வீட்டு முத்திரை போட்ட தோல் சீமைக்குக் கப்பல்ல போகுது. ஒரு தோல் திரும்பி வந்ததில்ல.

– அந்த வார்த்தைக்கு அப்புறம் பத்துத் தோல்ஷாப்புல ஒண்ணுகூட எங்க வண்டியை உள்ள விடல. அது போகட்டும். வயித்துப்பாட்டுக்கு நான் வெத்தலைச் சுண்ணாம்பு வித்துக்குவேன். காளவாய் அணைஞ்சு ஒரு மாசமாச்சு, அதை யாரு அணைச்சாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?

– வாங்கறதுக்கு ஆள் இல்லன்னா அணைச்சுத்தானே ஆகணும்.

– இல்ல சாயபு. குடியாத்தத்துலேர்ந்து ஆளு வந்தான், வீடு கட்ட நாப்பது கூடை வேணும்னு. இவரு குடுக்க மாட்டேன்னுட்டாரு.

– ஏன், கோவமா?

– கோவம் வந்திருந்தா நான் ஏன் வர்றேன்? ரெண்டு நாள் கத்துவாரு, மூணாம் நாள் அடுப்பைப் பத்த வெப்பாரு. அவரு உங்களை நம்பறாரு சாயபு. அதான் பேஜார்.

– புரியல.

– சுண்ணாம்புக்குச் சுடற சுக்கான்கல்லு வெந்துதா வேகலையான்னு மூக்கால மோந்தே சொல்ற மனுஷன். இப்ப ஒவ்வொரு கல்லா எடுத்துத் தண்ணியில போட்டுப் பாக்கறாரு. சுர்ருங்குது, கொதிக்குது, பானையைத் தொட முடியல, ஆவி கூரைக்குப் போகுது. பாத்துட்டு இன்னா சொல்றாரு தெரியுமா? 'வெளியதான் மரியம்மா கொதிக்குது, உள்ள செத்திருக்கும். இல்லன்னா சாயபு சொல்லுவாரா? அவரு வாயில பொய் வராது.' நான் சொன்னா நம்பல, கண்ணால பாத்தும் நம்பல. தன் கையையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. 'இந்தக் கைக்கு வயசாயிடுச்சு, ஒருத்தர் தோலைக் கெடுத்துட்டேன்'ங்கறாரு.

– ஏங்க, அவ சொன்னதைக் கேட்டீங்களா?

– காதுல விழுந்துச்சு.

– அப்ப அவளுக்கு ஒரு வழி சொல்லுங்க.

– கேட்டுக்கோ மரியம்மா. உன் புருஷன் கெட்டவன்னு நான் நினைக்கல. ஒரு தடவை தவறிப்போச்சு. சுட்ட சுண்ணாம்பு காத்து குடிச்சா செத்துப்போகும். மூடாம நாளாக்கி வெச்சிருப்பான். அவ்வளவுதான்.

– அப்ப ஒரே வண்டியில வந்த சுண்ணாம்பைப் போட்ட மத்த அஞ்சு தொட்டி எப்படி நல்லாயிருந்துச்சு?

– ஒரே மரத்துல சொத்தைக் காயும் இருக்கும்.

– அந்த வண்டி வந்தப்ப நானும் ஒரு கை எடுத்து வெத்தலைக்கு வெச்சேன்ங்க. என் நாக்கு வெந்துபோய் ரெண்டு நாள் சால்னா பக்கமே போகல. செத்த சுண்ணாம்பு வாயைச் சுடுமா?

– சுகரா.

– சாட்சி சொன்னேன். வேண்டாம்னா தள்ளிடுங்க.

– சாயபு, எனக்குச் சந்தேகம் எங்க வந்துச்சுன்னு சொல்லிடறேன். உங்க தொட்டி மேஸ்திரி கோவிந்தசாமி இருக்காரே, அவரு விரலுங்க எப்பவும் சுண்ணாம்பு தின்னு தின்னு ஓட்டை ஓட்டையா இருக்கும். போன மாசம் கோயில் திருவிழாவுல பாத்தேன், கை ஆறி, புதுத்தோல் வந்து, மாப்பிள்ளை கை மாதிரி இருந்துச்சு. 'இன்னா மேஸ்திரி, லீவா'ன்னேன். 'இல்லக்கா, ரெண்டு தொட்டிக்கு வேற ஏதோ வெள்ளைப் பொடி வந்துச்சு, குளுகுளுன்னு இருந்துச்சு, கையைக் கடிக்கவே இல்ல'ன்னாரு.

– அவன் வாய்க்குப் பூட்டு போடணும்.

– பூட்டு போட்டா கை ஆறாம போயிடுமா? அப்புறந்தான் நீங்க தொட்டியைக் காலி பண்ணிக் கொட்டின ஆத்துமேட்டுக்குப் போனேன். இந்தச் சாக்கு கெடந்துச்சு. எங்க சுண்ணாம்பு என்னிக்காவது சாக்குல வந்திருக்கா சாயபு? கூடையிலதானே வரும். ஈரம் பட்டா சாக்கே கருகிடுமே.

– வெங்காயம் வந்த சாக்கா இருக்கும்.

– வெங்காயச் சாக்கோட தையல்ல மூஞ்சிக்குப் போடற பவுடர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்குமா? உதறிச் சேத்தா ரெண்டு கைப்பிடி தேறுச்சு. தண்ணியில போட்டேன். கொதிக்கல, சுடல, கரையல. அடியில போய்ப் படுத்துக்கிச்சு, மேல தண்ணி தண்ணியாவே நின்னுச்சு. சரி, செத்ததுதான் போலன்னு நானும் மனசு விட்டுட்டேன்.

– அதான் நானும் சொல்றேன்.

– பொறுங்க. எங்க வேலையில கை வெந்தா புளித்தண்ணியில கழுவுவோம். பழக்க தோஷம், அன்னிக்கும் கழுவினேன். கை மேல நொரை வந்துச்சு சாயபு. சோடாக் கலர் மாதிரி பொசபொசன்னு. முப்பது வருஷமா கழுவறேன், எங்க சுண்ணாம்பு புளித்தண்ணியில அடங்கிப்போகும், நொரைச்சதே இல்ல. பயந்துபோய் மிஷன் ஸ்கூல் ஜெயபுஷ்பம் டீச்சர்கிட்ட ஓடினேன். அவங்க சிரிச்சாங்க. போர்டுல எழுதற குச்சியை ஒடிச்சு, பொடி பண்ணி, எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சாங்க. அதே நொரை. 'மரியம்மா, நீ எடுத்துட்டு வந்தது சுண்ணாம்பு இல்ல, சீமைச்சுண்ணாம்பு. இது வேகாத கல்லு. தண்ணிக்கு அசையாது, புளிப்புக்குத்தான் பொங்கும்'னாங்க.

– மரியம்மா, அந்தப் பொடி இப்ப இருக்குதா?

– முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கேன் பீபிம்மா.

– இந்தா, கிண்ணம். எலுமிச்சம்பழமும் நறுக்கியே வெச்சிருக்கேன்.

– பாருங்க சாயபு. இதோ பிழியறேன். பொங்குதா இல்லையா?

– பொங்குது. ஆனா இது சாட்சியாகாது.

– ஏன் ஆகாது?

– காத்து குடிச்சுச் செத்த சுண்ணாம்பும் பொங்கும். அதுவும் பழையபடி கல்லாத்தான் மாறிப்போகுது. எலுமிச்சம்பழத்தை வெச்சு நீ பஞ்சாயத்துக்குப் போனா ஒரு நிமிஷத்துல உன்னைக் கவுத்துடுவாங்க.

– ஏங்க, அவ பக்கமா இருக்கீங்களா, எதிர்ப்பக்கமா?

– அரைகுறைச் சாட்சி எந்தப் பக்கத்துக்கும் அசிங்கம். சுகரா, ஊறுகாய்க்கு வெச்சிருக்கற சிர்கா கொண்டா.

– சிர்கான்னா?

– நீங்க காடின்னு சொல்றது. புளியிலயும் எலுமிச்சம்பழத்துலயும் போட்டா நொரைச்சு முடிஞ்ச பிறகும் அடியில வெள்ளையா நிக்கும், குழப்பும். சிர்காவுல அப்படி நிக்காது. ஒரு கிண்ணத்துல இந்தப் பொடி ஒரு சிட்டிகை. இன்னொண்ணுல உன் காளவாய்ச் சுண்ணாம்பு, காத்துல கெடந்து செத்ததுதான் வேணும். இருக்குதா?

– வெத்தலைச் சுண்ணாம்பு டப்பா மூடியில காஞ்சது ஒட்டிக்கெடக்குது. சுரண்டித் தர்றேன்.

– போடு. ரெண்டும் பொங்கட்டும். அடங்கற வரைக்கும் பொறு. அவசரப்படாதே.

– அடங்கிடுச்சு.

– இப்பப் பாரு. உன் சுண்ணாம்புக் கிண்ணத்துல அடியில இன்னா நிக்குது?

– சாம்பல். கரித்தூள் ரெண்டு. கொஞ்சம் மண்ணு.

– காளவாய்ல வெந்த கல்லு அடுப்போட கரியைக் கொஞ்சமாவது கூட்டிக்கிட்டு வரும். இந்தக் கிண்ணத்துல?

– ஒண்ணுமில்ல. தண்ணியாட்டம் கிடக்குது.

– இதுதான் சாட்சி. இதை வெச்சா யாரும் உன்னைக் கவுக்க முடியாது.

– சாயபு, நீங்களே எனக்கு வக்கீலா வந்துட்டீங்க.

– தோல்காரன் வீட்டுல பொறந்தவன் தப்பாச் சாட்சி வைக்க மாட்டான். அவ்வளவுதான்.

– அப்ப எங்க வீட்டுக்காரரு தப்புப் பண்ணலன்னு ஒத்துக்கறீங்க.

– அந்த ரெண்டு தொட்டியில கிருபானந்தம் சுண்ணாம்பு ஒரு கூடைகூட விழல. ஒத்துக்கறேன்.

– அல்லா. ஒரு மாசமா அந்த மனுஷனைக் கொன்னுட்டீங்களே.

– பீபிம்மா, விடுங்க. சாயபு, இந்தப் பொடியை யாரு வாங்கினது? உங்க தம்பி ஆபித் பாஷாதான் பட்டணத்துக்குப் போய்ட்டு வந்தாருன்னு சொல்றாங்க. சின்ன வயசு, விவரம் பத்தாது. அவரு வாங்கினதுன்னு சொன்னா யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க.

– ஆபித் பேரை இதுல இழுக்காதே. வாங்கினது நான்.

– நீங்களா?

– வேலூர்ல, கோட்டைக்கு எதிர்க்கடையில. போன வருஷம் லண்டன்லேர்ந்து கடுதாசி வந்துச்சு, உங்க தோல்ல கறை நிக்குதுன்னு. என் காலத்துல, என் முத்திரை மேல வந்த முதல் புகார்க் கடுதாசி அது. வீட்டுல யாருக்கும் காட்டல. கடைக்காரன் மூட்டையைத் திறந்து காட்டினான். பால் மாதிரி வெள்ளை. ஒரு கரி இல்ல, ஒரு மண்ணு இல்ல. 'இது இன்னா'ன்னேன். 'சீமைச்சுண்ணாம்பு'ன்னான்.

– அதனால?

– நீ யோசிச்சுப் பாரு. சீமை எண்ணெய், சீமை ஓடு, சீமைத் துணி. சீமைன்னு முன்னால ஒட்டினதெல்லாம் நம்மதைவிட ஒசத்தின்னுதானே வாங்கறோம்? அப்ப சீமைச்சுண்ணாம்புன்னா, சீமையில சுட்ட சுண்ணாம்பு. அங்க இருக்கறவன் இதைத்தான் தொட்டியில போடறான், அதான் அவன் தோல்ல கறை இல்லன்னு நானே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன். போர்டுல எழுதற குச்சிக்கும் அதேதான் பேருன்னு எனக்குத் தோணவே இல்ல. பள்ளிக்கூடத்துக்கு நான் போனது மூணு வருஷம். எங்களுக்கு மணல்லதான் எழுத்து.

– கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தொட்டிக்கு ஆகுமான்னு.

– ஹயாத் பாஷா வேலூர்க் கடையில நின்னு, சுண்ணாம்பு தொட்டிக்கு ஆகுமான்னு கேக்கறதா? மூணு தலைமுறைத் தோல்காரன்?

– கேக்கலாம்ங்க. கேட்டா மீசை விழுந்துடாது. நீங்க என்கிட்ட உப்பு எங்கன்னுகூடக் கேக்க மாட்டீங்க, சப்புன்னு தின்னுட்டு எழுந்து போய்டுவீங்க. அந்தக் குணம் நானூறு தோலைத் தின்னுடுச்சு.

– சிரிக்காதே மரியம்மா.

– சிரிக்கல சாயபு. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். வார்த்தை ஏமாத்திடுச்சு. என்னையும் ஏமாத்தியிருக்கும். டீச்சர் சொல்ற வரைக்கும் அது கல்லுன்னு எனக்கு மட்டும் தெரியுமா?

– நீ நல்லவ. பெரிய மனசு பண்ணிப் பேசற.

– பெரிய மனசெல்லாம் இல்ல, எனக்கு என் காளவாய் எரியணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிஞ்சு வெளிய வருவீங்க, அதே முதலாளிங்க நிப்பாங்க. 'தெரியாம சொல்லிட்டேன், கிருபானந்தம் சுண்ணாம்புல குத்தமில்ல'ன்னு ரெண்டே வார்த்தை. சீமைச்சுண்ணாம்பு கதையெல்லாம் வேணாம். பொடி வாங்கினது யாருன்னும் வேணாம். இந்தச் சாக்கை நானே அடுப்புல வெச்சுடறேன். உங்க வீட்டு மரியாதை உங்க வீட்டுலயே இருக்கட்டும்.

– இதைவிட ஒருத்தி எப்படிங்க எறங்கி வருவா? சரின்னு சொல்லுங்க.

– முடியாது.

– ஏங்க?

– அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்ல மாட்டேன்.

– சாயபு, இவ்ளோ நேரம் கிண்ணத்துல போட்டு நீங்களே காமிச்சுட்டு, இப்ப முடியாதுன்னா நான் இன்னா அர்த்தம் பண்ணிக்கறது? எங்க வீட்டுக்காரர் கையை விட உங்க வீட்டு முத்திரை பெரிசுன்னா?

– கேட்டுக்கோ. நான் தெரியாம சொல்லிட்டேன்னா, பத்து முதலாளியும் சரின்னு வண்டியை உள்ள விடுவாங்க. அது நடக்கும். கிருபானந்தம் இன்னா சொல்லுவான்? நீயே சொல்லு.

– அவரு... 'சாயபு என் மேல இரக்கப்பட்டுப் பெரிய மனசு பண்ணிட்டாரு'ம்பாரு.

– அப்புறம்?

– அப்புறம் பழையபடி தன் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு.

– காளவாயைப் பத்த வெப்பானா?

– மாட்டாரு. நெசந்தான். மாட்டாரு. அப்ப நான் இன்னா பண்ணட்டும்? கிண்ணத்தைக் காட்டினாலும் நம்ப மாட்டாரு, டீச்சர் வந்து சொன்னாலும் நம்ப மாட்டாரு. உங்க வாயில பொய் வராதுன்னு ஒரே பிடியா இருக்கறவருக்கு, இன்னாதான் சொன்னா அடங்கும் சாயபு?

– நாளைக்கு அவனையும் கூட்டிக்கிட்டு வா. முன்னால நிக்க வை. அத்தனை பேர் காதுலயும் விழற மாதிரி சொல்றேன்.

– இன்னான்னு?

– போன மாசம் வியாழக்கிழமையே சிர்காவுல போட்டுப் பாத்து அது இன்னா பொடின்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் மறுநாள் வெள்ளிக்கிழமை அவன் பேரைச் சொன்னேன்னு.